பூண்டுப் பரணில் கிடந்த நாடகம்

பூண்டும் புகையும் மணக்கும் அந்தப் புத்தகத்தை இன்றும் எடுத்து முகர்ந்தேன். உனக்கு நானே என் கையால் எழுதுகிறேன், நம்புவாயா? இந்த இரண்டு வரிக்கே காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. நேற்று கூக்கால் ஊருக்குப் போகும் பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன். திரும்பி உன்னிடம் சொல்லப் பார்த்தேன். பக்கத்தில் யாரோ இருந்தார்கள்.

நம் வில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்தபோது நீ போனாய், நான் போகவில்லை. டீச்சர் ஒரு நாடகத்தைக் கொடுத்து, ஆளுக்கொரு வேஷமாகப் பிரித்துப் படிக்கச் சொன்னார். மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு மனைவி தன் புருஷனிடம் கேட்கிறாள்: எனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்லுங்கள், சொன்னால் இருக்கிறேன், இல்லாவிட்டால் போகிறேன். அந்த மனைவியின் பேச்சு உனக்கு வந்தது.

"என்ன மாமா, அத்தை பொட்டியக் கட்டிருச்சா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பேராகப் போய் டீச்சரிடம் கத்தினோம்.

"குடும்பத்தப் பிரிக்கிற பொஸ்தகத்தையா பொம்பளைகளுக்குச் சொல்லித் தாறீங்க?"

"கடைசி வரைக்கும் படிச்சுட்டு வந்து சண்டை போடுங்கய்யா."

எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, உன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, அடுப்புக்கு மேலே பூண்டைப் புகையில் போட்டுவைக்கும் பரணில் எறிந்தேன்.

"ஏங்க, இன்னும் நாலு பக்கந்தான் கெடக்கு. அவ இருந்தாளா போனாளான்னு மட்டும் பாத்துக்கிறேன்."

"அவ போனா உனக்கென்ன புள்ள? வெரசா சோத்தப் போடு."

போட்டாய். பிறகு வகுப்புக்குப் போகவில்லை. கை நீட்டினால் எட்டுகிற பரண்தான். அதற்குக் கீழே நின்று ஆறு வருஷம் சமைத்தாய். ஒருநாளும் கை நீட்டவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, விதைப்பூண்டு இறக்கும்போது புத்தகம் கீழே விழுந்தது. கறுத்துப் போயிருந்தது. டீச்சரிடம் கொண்டுபோய், "கடைசியில என்ன எழுதியிருக்குன்னு வாசிங்கம்மா" என்றேன்.

"நான் வாசிக்க மாட்டேன். நாளையிலருந்து வகுப்புக்கு வாங்க, நீங்களே வாசிக்கலாம்."

இந்த வருஷம் அதே நாடகத்தை எங்களுக்குக் கொடுத்தார். எனக்குப் புருஷன் வேஷம். எதிரே மனைவியாகப் படித்த பேத்துப்பாறைக்காரம்மா, "சொல்லுங்கய்யா, பொண்டாட்டி எம்புட்டு நேரம் நிப்பா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். காப்பியா? நான் குடித்த மிச்சத்தைத்தான் குடித்தாய். பச்சைச் சேலையா? அது எனக்குப் பிடித்து நான் எடுத்தது. பாட்டு? பூ? ஊர்? உன்னோடு நாற்பது வருஷம் வாழ்ந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த நாலு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டேன். கேட்டுக்கொள்: அவள் போய்விட்டாள். அவன் அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தான்.

உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று எனக்குத் தெரியும், இந்த முடிவைத் தெரிந்துகொள்வது. அதைத்தான் பரணில் எறிந்தேன்.