நீவக் கூடாத கால்

பிப்ரவரி 12, புதன்
இடுப்பு மூட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று. "கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அது அபூர்வம்தான். ஆனா ஆபரேஷன் முடிஞ்சு முதல் சில வாரம் கவனமா இருக்கணும்மா" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் வீரபாகு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சாவதற்குப் பயமில்லை என்று எழுதலாம். பொய். தறியில் பாதிப் புடவை நிற்கிறது. இவர் முடித்தால் கரை கோணிப்போகும்.

பிப்ரவரி 17
முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை. எங்கோ சுத்தியல் சத்தம். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே மிதந்தேன். அடித்தது என் எலும்பில்தானாம்.

பிப்ரவரி 22
பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரை மயக்கம். கண்ணை மூடினால் மாம்பழ நிறப் பட்டு தெரு நீளத்துக்கு விரிகிறது. அதன் மேல் நடக்கிறேன், வலியே இல்லை.

மார்ச் 1
இடது கெண்டைக்கால் வீங்கி இறுகிக் கிடக்கிறது. "தறி மிதிச்ச காலு, வீங்காம இன்னா பண்ணும்?" என்று இவர் நல்லெண்ணெய் சூடாக்கி வந்து நீவிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் தறியை விட்டு எழுந்தால் இதுதான் வழக்கம். எங்கள் தெருவில் மிதிகால் வீக்கத்தை யார் நோய் என்று சொன்னார்கள்? இவர் கை பட்டால் போதும், தூங்கிப்போகிறேன்.

மார்ச் 3
படுத்துத்தானே இருக்கிறேன், ஏன் மாடி ஏறியதுபோல் மூச்சு வாங்குகிறது? நெஞ்சுக்குள் பஞ்சு. சுகமாகக்கூட இருக்கிறது. நான் கேட்டதற்காக இவர் மறுபடி நீவிக்கொண்டிருந்தபோது மகள் அகிலா வந்து காலைத் தொட்டாள்.
"அப்பா, கைய எடுப்பா. காலு கொதிக்குது. ஆட்டோ கூப்டு."

மார்ச் 6
கட்டிய ரத்தத்தில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். பிழைத்தது என் ஆயுசு கெட்டி.
"காலை நீவினீங்களா? நீவினா கட்டி பிச்சுக்கிட்டு மேல போயிடும்" என்றார் டாக்டர். இவர் இரண்டு கையையும் வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். ஐயோ, அந்த முகத்தை என்னால பார்க்க முடியல. நான்தானே கேட்டுக் கேட்டு நீவச் சொன்னேன்?

மார்ச் 15
வீடு. சோறு போடுகிறார், மாத்திரை எடுத்து வைக்கிறார். தொடுவதில்லை. டம்ளரைக்கூடக் கையில் தராமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

ஏப்ரல் 5
வாக்கர் பிடித்துத் தெருமுனை வரை போய் வந்தேன். ஆபத்துக் காலம் தாண்டிவிட்டது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மத்தியானம் சும்மா கண்ணை மூடிக்கிடந்தேன். மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார் மனுஷன்.
"இருக்கேங்க" என்றேன்.
"தெரியும். தூங்கு."
விரலை எடுக்கவில்லை.