ஜி சுரத்தில் உறுமிய சைலன்சர்

ஷோர்ன்டார்ஃப், ஜூன் 6

அன்புள்ள ஹைட்ரூனுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீவில் கடல் இருக்கிறது, மருத்துவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு இதைவிட நல்ல சிகிச்சையை எந்தக் காப்பீடும் எழுதிக் கொடுத்ததில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. ஜன்னலோர ஜெரேனியம் இரண்டும் செழிப்பாக இருக்கின்றன. நீ மூன்று வைத்துவிட்டுப் போனதாக ஒரு நினைவு. எண்ணிக்கையில் நான் எப்போதுமே மோசம். நம் கண்ணாடிக் கடையில் பேக்கரிக்காரரின் மனைவிக்குச் சிவப்புச் சட்டத்தில் புதுக் கண்ணாடி மாட்டி மூன்று வாரமாகிறது. கணவர் இன்னும் கவனிக்கவில்லையாம். அந்த அம்மாள் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என்னவோ சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது கார். முகத்தைச் சுளிக்காதே, கடிதத்தில்கூட எனக்குத் தெரிகிறது.

நம் 1986ஆம் வருடத்து போர்ஷே டர்போவின் பழைய சைலன்சர் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பில் துருப்பிடித்து உதிர்ந்ததும், துருவேறாத எஃகில், முன்னதைவிட அகலமான குழாயோடு நான் புதியது மாட்டியதை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்க விட்டால்தானே! டர்போவின் விசிறி வெளியேறும் புகையால் சுழல்வது, குழாய் அகலமானால் அது சீக்கிரம் விழித்துக்கொள்ளும் என்பதையெல்லாம் நான் நூறு முறை விளக்கி, நீ நூறு முறை கொட்டாவி விட்டிருக்கிறாய். விழித்துக்கொண்டதும் உண்மை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் ஒரு சுகம். ஐம்பத்தாறு வயதில் முதுகுக்கு வேறு சுகம் ஏது?

ஆனால் நூற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் உள்ளுக்குள் உறுமியது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. மண்டைக்குள் யாரோ மாவு அரைப்பதுபோல. நான் அதை வீரம் என்று நினைத்தேன். நீ பாதிப் பயணத்தில், ரோட்வைல் ரயில் நிலையத்தில் இறங்கிக்கொண்டாய். அங்கே நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை என் காதில் இருக்கிறது: "திரும்பி வரும்போதும் நான் ரயில்லதான். எந்தப் பயணமும் இனிமே இதுல கிடையாது. நீ வேணும்னா இதையே கட்டிக்கிட்டு அழு."

தீவுக்கும் அப்படியே ரயிலில் போய்விட்டாய். பெட்டியைக்கூட என்னைத் தூக்கவிடவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நான் முற்றத்தில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அப்போது இரண்டு கறுப்புக் காலணிகள் வந்து நின்றன. ஒரு துடைப்பமும் வந்து நின்றது. கீழ்வீட்டு ஐஸலே அம்மாள். இந்த வாரம் படிக்கட்டைக் கூட்டுகிற முறை நம்முடையது; முறை யாருடையது என்று காட்டும் மரப்பலகை நம் கதவில்தான் தொங்குகிறது; நான் கூட்டவில்லை. நம் ஊரில் இதற்குக் கொலைக்கு அடுத்த இடம்.

"வைட்லே சார், படிக்கட்டுல உருளைக்கிழங்கு போட்டா முளைக்கும் போல இருக்கே?" என்றார். நான் குழாயைப் பார்த்தபடியே மன்னிப்புக் கேட்டேன். என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறு காரில் இல்லை மேடம், காரில் என் மனைவி உட்கார மாட்டேன் என்கிறாள் என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "அவங்க சரியா என்ன வார்த்தை சொன்னாங்க?" என்றார், விசாரணை அதிகாரி மாதிரி.

நான் யோசித்தேன். நீ நிறையச் சொன்னாய், பாதி எழுதத் தகாதது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், ஹோர்ப் தாண்டியதுமே ஒன்று சொன்னாய்: "இது ஜி சுரத்துலேயே நிக்குது. அதுவும் சுருதி இறங்கின ஜி." சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவள் இப்படித்தான் எரிச்சல்படுவாள் என்று நான் விட்டுவிட்டேன்.

அதைச் சொன்னதும் ஐஸலே அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "அடடா, இதை முதல்ல சொல்ல மாட்டீங்களா? இது புகார் இல்ல, அளவு!"

ஹைட்ரூன், அந்த அம்மாள் என்ன வேலை செய்கிறார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியாது. நான் அவரைத் துடைப்பத்தோடு பிறந்தவர் என்றே நினைத்திருந்தேன். அவர் தேவாலயங்களுக்கு ஆர்கன் வாத்தியம் கட்டுபவர். ஆளுயரக் குழல்களை வார்த்து, அறுத்து, சுருதி சேர்ப்பவர்.

உன் ஜி இப்போது அவர் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
எக்ஹார்ட்

பி.கு.: படிக்கட்டைக் கூட்டிவிட்டேன். இரண்டு முறை. முதல் முறை செல்லாது என்று தீர்ப்பு.


ஷோர்ன்டார்ஃப், ஜூன் 14

அன்புள்ள ஹைட்ரூனுக்கு,

உன் அஞ்சலட்டை கிடைத்தது. "இங்கே மிகவும் அமைதியாக இருக்கிறது" என்று ஒரே வரி, அமைதிக்கு அடியில் கோடு. புரிந்தது.

சனிக்கிழமை ஐஸலே அம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆலன் சாலையில் ஓட்டினேன். ஊர் பார்த்தது. நீ தீவுக்குப் போன பத்தாம் நாள் நான் இன்னொரு பெண்மணியை டர்போவில் ஏற்றிப் போன செய்தி உன்னை வந்து சேர்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்மணி மடியில் இசைக்கவை வைத்திருந்தார், வழி முழுவதும் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் "வாயை மூடுங்க". நூற்று முப்பது வந்ததும் கண்ணை மூடினார். கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்தார். "ஜி. ஒரு முடியளவு தாழ்வு. உங்க வீட்டம்மா காதுதான் காது!" என்றார். பிறகு, "இப்படி ஒரு காதை வீட்ல வெச்சுக்கிட்டு நீங்க சைலன்சரை விளம்பரம் பாத்து வாங்கினீங்களாக்கும்?"

வைத்தியம் இதுதான்: பெரிய குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறு குழாயை ஒட்ட வேண்டும். அதன் மறுமுனையில் ஒரு மூடி. அது எங்கும் போகாது. உறுமல் அதற்குள் நுழைந்து, மூடியில் முட்டி, தலைகீழாகத் திரும்பி வந்து, அடுத்து வரும் உறுமலோடு மோதும்; இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நீளம் மட்டும் அந்தச் சுரத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். புகையின் வழியில் எதுவும் குறுக்கே நிற்காது, ஆகவே டர்போவுக்கும் மூச்சு முட்டாது. என் முதுகின் சுகம் போகாது என்று நான் உறுதிசெய்துகொண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாள் தாளில் கணக்குப் போட்டார். எண்பத்தேழு சென்டிமீட்டர். வாழ்நாள் முழுக்க இதையே செய்தவர், ஓர் எண்ணைக்கூட அழித்து எழுதவில்லை. பட்டறையில் அவரே அறுத்து அவரே பற்றவைத்தார். அந்தக் கையை நீ பார்த்திருக்க வேண்டும். நான் கண்ணாடிச் சட்டத்தில் திருகாணி போடும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்வேன் என்பாயே. அந்த அம்மாள் இமைகூட அசைக்கவில்லை. பற்றவைத்த தழும்பு சர்க்கரைப் பாகு ஊற்றிய மாதிரி ஒரே சீராக இருந்தது. அது காருக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில் இருக்கப்போகிற தழும்பு.

மாட்டினோம். ஓட்டினோம். நூற்று முப்பதில் அதே மாவு அரைக்கிற சத்தம்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில், வேகக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் இன்னும் மிதித்தேன். நூற்று எழுபத்தைந்தில் திடீரென்று தேவாலய அமைதி. நான் உடனே ஒரு யோசனை சொன்னேன்: இனிமேல் என் மனைவியை எப்போதும் நூற்று எழுபத்தைந்திலேயே அழைத்துப் போகிறேன். "சந்தைக்குமா?" என்றார்.

திரும்பி வந்து முற்றத்தில் நிறுத்தியபோது தூறல் போட்டது. அம்மாள் குனிந்து குழாயையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு துளி அதன்மேல் விழுந்து புஸ்ஸென்று ஆவியானது. அவர் நெற்றியில் அறைந்துகொண்டார், சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது.

"நான் ஒரு மடச்சி! முப்பத்தோரு வருஷமா குளிர்ல நடுங்கற தேவாலயத்துக்கே கணக்குப் போட்டுப் போட்டு... பதினஞ்சு டிகிரி! பதினஞ்சு டிகிரிக்குக் கணக்குப் போட்டிருக்கேன், வைட்லே சார்! இதுக்குள்ள நெருப்பு ஓடுது!"

காற்று சூடானால் குழலின் சுரம் ஏறிவிடுமாம். கோடையில் எல்லா ஆர்கனும் அப்படித்தானாம். ஆகவே சூடான குழாய் அதே ஜி-யைப் பிடிக்க இன்னும் நீளமாக இருக்க வேண்டும். ஆர்கன் கட்டுபவரைத் தவிர உலகில் வேறு யாரும் ஒரு சைலன்சருக்குத் தேவாலயக் குளிரைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

ஒன்று கவனித்தேன். தப்பு என்று தெரிந்ததும் அந்த அம்மாள் உரக்கச் சொன்னார். எஃகு சரியில்லை, கார் பழசு, நான் ஓட்டிய விதம் தப்பு என்று எதையும் இழுக்கவில்லை. எத்தனை சுலபமாக இருந்தது அவருக்கு. நான் ரோட்வைல் நிலையத்தில் இருபது நிமிடம் உனக்குப் புகையின் இயற்பியலை விளக்கினேன்.

அன்புடன்,
எக்ஹார்ட்


ஷோர்ன்டார்ஃப், ஜூன் 22

அன்புள்ள ஹைட்ரூனுக்கு,

ஒரு மீட்டர் இருபது. அதுதான் சரியான நீளம்.

ஆனால் காருக்கு அடியில் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. நான் ஸ்டெப்னியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் ஜெரேனியமாக இருந்தால் வாடியிருப்பேன். (இன்னொன்றும் போய்விட்டது. பிறகு பேசுவோம்.) கூரை தாழ்ந்த கிராமத்துத் தேவாலயங்களில் நீளக் குழலை அறுத்து, முழங்கைபோல் மடக்கி நிறுத்துவார்களாம், சுரம் மாறாதாம். அப்படியே இரண்டு இடத்தில் மடக்கி ஸ்டெப்னியைச் சுற்றி அழகாகக் கொண்டுபோய்விட்டார். நான் பார்த்ததிலேயே மிக நேர்த்தியான வேலை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். நூறு. நூற்றுப் பத்து. நூற்று இருபது. நூற்று முப்பது.

ஒன்றுமில்லை ஹைட்ரூன். கார் ஊமையாகிவிடவில்லை, மிதித்தால் அந்த ஆழமான குரல் இருக்கிறது, டர்போவின் மெல்லிய சீழ்க்கை இருக்கிறது. மண்டைக்குள் அரைத்தது மட்டும் இல்லை. டயர் சாலையில் ஓடுவது கேட்டது. பிறகு இன்னொரு சத்தம் கேட்டது, விடாமல், ஒரே தொனியில். என்ன கோளாறு என்று பதறினேன். அது நான் பேசிக்கொண்டிருப்பது. "இதுக்கு எந்தக் குழாயும் ஒட்ட முடியாது," என்றார் அம்மாள்.

அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "குறை சொல்ல ஒண்ணுமில்ல." நம் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது என்பது உனக்குத் தெரியும், அவர் அதைத் தன் வேலைக்குச் சொல்லவில்லை. "உங்க வீட்டம்மா காதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

நேற்று வாகனப் பரிசோதனை. ஆய்வாளர் க்னாப் விளக்கைப் பிடித்து அடியில் புகுந்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. "இந்தக் குழாய் எங்கே போகுது?" என்றார். எங்கும் போகவில்லை என்றேன். "அப்போ எதுக்கு?" என்றார். என் மனைவிக்காக என்றேன். சத்தத்தை அளந்தார், புகையை அளந்தார், முத்திரை குத்தினார். "அந்தத் தழும்பு யார் போட்டது?" என்று மட்டும் கேட்டார். இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது நான் சொல்ல வந்தது. உன் சிகிச்சை புதன்கிழமை முடிகிறது. வியாழன் காலை முதல் படகில் நீ வருவாய். நோர்ட்டைக் துறைமுகத்தில் நான் காரோடு நிற்பேன்.

நீ ஏறித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. குழாய் சரியாகிவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற அளவுக்கு நான் இப்போது முட்டாள் இல்லை. நீ ஹோர்ப்பிலேயே கோளாறு என்ன என்று சொல்லிவிட்டாய். துல்லியமாக, சுரத்தோடு. ரோட்வைல் வரை நான் கேட்கவில்லை. கீழ்வீட்டில் ஒருவர் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு வந்து உன் வார்த்தையை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஹோர்ப்புக்கு முன்னாலும் எத்தனை ஊர்களில் எத்தனை சொல்லியிருப்பாயோ என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இந்த உறைக்குள் ரயில் சீட்டும் வைத்திருக்கிறேன். நோர்ட்டைக்கிலிருந்து ஷோர்ன்டார்ஃப் வரை, ஜன்னலோரம், பேச்சுத் தடைசெய்யப்பட்ட பெட்டியில். நன்றாகப் பார், அவை இரண்டு. நீ ரயில் என்று சொன்னால் காரைத் துறைமுகத்திலேயே பூட்டிவிட்டு நானும் உன்னோடு ஏறிவிடுவேன். அது அங்கேயே கடற்காற்றில் நிற்கட்டும், என்றைக்காவது போய் எடுத்துக்கொள்ளலாம்.

படகிலிருந்து இறங்கும்போது பெட்டியை மட்டும் என்னிடம் கொடு, ஹைட்ரூன். எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று நீ சொல்.

உன்,
எக்ஹார்ட்