போணி ஆகாத காலையில் வந்த பார்சல்கள்

செஞ்சி,
புதன்கிழமை.

அன்பு மகள் பிரவீணாவுக்கு நைனா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் சுகம். நீ கவுகாத்தியில் சுகமாக இருப்பதாகப் போனில் இருமிக்கொண்டே சொல்கிறாய், அதனால் பாதிதான் நம்புகிறேன், டாக்டரிடம் போ, மெடிக்கல் ஷாப்காரனிடம் கேட்டு மாத்திரை விழுங்காதே. இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்க வந்த ஒரு பஸ் ஜனம் நம் பூஜைச் சாமான் கடை வாசலில் ஒதுங்கி நின்று ஒரு திரிகூட வாங்காமல் போனது, ஒதுங்கறதுக்கு வாடகை வாங்கணும் போலக்குது என்று அம்மா அவர்கள் காதில் விழும்படியே சொன்னாள். அவள் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, விஷயத்துக்கு வருகிறேன். இந்த உறைக்குள் ஒரு முத்திரைத்தாள் இருக்கிறது, அதில் நீ கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. போனில் சொன்னால் நடுவில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், நீ அழுவாய், சொல்ல வந்தது நின்றுபோகும்.

நம் ஆன்லைன் விளக்கு வியாபாரம் முழுக்க உன் பெயரில் இருக்கிறது. உனக்குப் பதினெட்டு முடிந்த வாரமே, பொண்ணு பேர்ல ஆரம்பிச்சா விளங்கும்ங்க என்று அம்மா சொன்னாள், நானும் உன் பான் நம்பரில் ஜி.எஸ்.டி. வாங்கி அந்த இணையச் சந்தையில் உன் பெயரிலேயே கணக்குத் திறந்தேன். ராசி பார்த்துச் செய்த காரியம், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த நான் செய்கிற வேலையா இது. இரண்டு வருஷம் நன்றாக ஓடியது, நம் காமாட்சி விளக்கு பஞ்சாப் வரைக்கும் போனது. ஆனால் சந்தைக்காரர்கள் விதியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பொங்கலுக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, எல்லாம் ஆஃபர் மெயில்களுக்கு நடுவில் இங்கிலீஷில் வரும், பதினோராவது வரியில் விஷயம் இருக்கும். ஆடியில் வந்ததை நான் படிக்கவில்லை. வாங்கியவர்கள் வேண்டாம் என்று திருப்பிய பார்சலை அதுவரை மூன்று தரம் கொண்டுவருவார்கள், ஆடியிலிருந்து ஒரே தரம், அப்போது நாம் வாங்காவிட்டால் மறுத்ததாக எழுதிக்கொள்வார்கள். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், காலையில் முதல் வியாபாரம் நடந்து போணி ஆகிற வரைக்கும் விற்ற சரக்கைத் திரும்பக் கையில் வாங்க மாட்டோம். பார்சல் கொண்டுவருகிறவர் பீமாராவ், எம்.காம். படித்தவர், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், இந்த வேலைதான் கிடைத்திருக்கிறது. ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். இன்னாப்பா, ஒரு சூடங்கூட விக்கல, அதுக்குள்ள ரிட்டனா, பத்து மணிக்கு மேல வா என்று அம்மா இரண்டு பார்சலை இரண்டு காலையில் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாவது பார்சல் வந்த அன்று மாளய அமாவாசை, மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன, கடையில் நான். அண்ணே, போன்ல அப்புறம் வர்றேன்ற பட்டன எடுத்துட்டாங்க, இப்ப வாங்கினாரு, மறுத்துட்டாரு, ரெண்டுதான் இருக்குது, நான் இன்னாத்த அமுக்கறது என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அமாவாசையும் அதுவுமா போணி ஆவறதுக்கு முன்னாடி உசுர வாங்காத, எதையாச்சும் அமுக்கிட்டுப் போ என்றேன். சொன்னது நான். அதனால் இனி அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

அந்த மூன்று பார்சலையும் அவர்கள் தங்கள் கிடங்கில் பிரித்திருக்கிறார்கள். போட்டோ வந்தது. நம் விளக்கே இல்லை, பித்தளைப் பூச்சு பூசிய இரும்புத் தகடு, காந்தம் வைத்தால் ஒட்டும். வாங்கிய யாரோ நல்லதை வைத்துக்கொண்டு இதைத் திருப்பியிருக்கிறார்கள். நாம் அன்றே வாங்கி இரண்டு நாளுக்குள் பிரித்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தால் நிரூபித்திருக்கலாம், அதுவும் ஆடி விதியில் இருக்கிறது, இப்போதுதான் படித்தேன். இப்போது நாம் போலிச் சரக்கு அனுப்பினோம், அது வெளியே வராமலிருக்கத்தான் திரும்ப வாங்க மறுத்தோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது, கணக்கையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை. உன் பெயர் ஏழு இடத்தில் இருக்கிறது. பதில் சொல்ல முப்பது நாள் கெடு, பதினொன்று போய்விட்டது. நான் ஒன்பது தரம் எழுதினேன், ஒன்பது தரமும் உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டு நொடிக்குள் பதில் வந்தது, மனுஷன் யாரும் இரண்டு நொடியில் அதைப் படித்திருக்க முடியாது. வல்லத்திலிருந்து அதே சந்தையில் கடலை எண்ணெய் விற்கும் வெற்றிவேலுக்கும் போன மாதம் வேறு ஏதோ காரணம் சொல்லிக் கணக்கை மூடினார்கள். அவன் சென்னையில் அவர்கள் ஆபீசுக்கே போய் நின்றிருக்கிறான், அப்படி ஒரு பிரிவு இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று வாட்ச்மேன் அனுப்பிவிட்டான். அவன் கணக்கோடு, அதே வைஃபையில் நுழைந்தாள் என்பதற்காக அவன் தங்கச்சியின் துணிக்கடைக் கணக்கும் போய்விட்டது. பூபதி, சண்ட போடறதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணுமில்ல, ஆளே இல்லடா என்றான். அவன் அப்படிச் சுருங்கிப் பேசி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன் வந்து கடையையும் பெயர்ப்பலகையையும் போட்டோ எடுத்து, பிரவீணான்றது யாரு, எந்த ஊர்ல இருக்காங்க என்று பக்கத்துப் பூக்கடைத் தைலம்மாளிடம் கேட்டிருக்கிறான். நீ யாருய்யா மொதல்ல என்று அவள் கேட்டதும் வண்டியைக் கிளப்பிவிட்டான். சந்தையிலிருந்து வந்தவனா வேறு யாராவதா எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கணக்கு மறுபடி திறக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடந்த தவறை ஏற்கிறேன் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை அழுத்தினால் உன் போனுக்கு ஆறு இலக்க எண் வரும், அதைப் போட்டால் மறுநாளே வியாபாரம் பண்ணலாம். கார்த்திகைக்கு வாங்கிய நானூறு விளக்கும் மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது. இன்னாங்க, ஒரு நம்பர் சொல்றதுல புள்ளைக்கு இன்னா கொறஞ்சுடப் போவுது, எல்லாரும் அமுக்கறதுதானே என்கிறாள் அம்மா. அவளுக்கு எப்படிச் சொல்வது, அதை அழுத்தினால் போலி விற்றவள் என்று நீயே எழுதிக்கொடுத்ததாக ஆகும், அது உன் பான் நம்பரோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருஷம் நெசவுப் படிப்பு முடிந்ததும் சிநேகிதியோடு சேர்ந்து நீ நெய்த சால்வைகளை விற்கப் போவதாகச் சொன்னாயே, எந்தச் சந்தைக்குள்ளே போனாலும் உனக்கு முன்னால் அந்த வாக்குமூலம் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொரு விதி மாறினால் அதை எதற்கெல்லாம் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே இன்று தெரியாது. அதனால் இந்தத் தாள். கணக்கைத் திறந்ததும் நடத்தியதும் பார்சலை மறுத்ததும் பூபதியாகிய நான், என் மகள் அப்போது கவுகாத்தியில் படித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது உண்மை என்று நீ கீழே போட வேண்டும். யாரும் கேக்காம நீயா போயி தலைய குடுக்கறியே, இன்னொருத்தர் பேர்ல நடத்தினதே தப்புன்னு உன்மேல திருப்புவாங்க என்றார் வக்கீல் சுந்தரமூர்த்தி. திருப்பட்டும். இதைக் கொடுத்தால் உன்னை விட்டுவிடுவார்களா என்றும் கேட்டேன், விடலாம் என்றார், விடுவாங்க என்று சொல்லவில்லை. உன்னிடம் அதை மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கணக்கு நிச்சயமாகப் போய்விடும். விளக்கை நான் திருவண்ணாமலைக்கு எடுத்துப் போய் ரோட்டில் உட்கார்ந்து விற்றுக்கொள்கிறேன்.

நீலப் பேனாவால் போடு, ஆதாரில் இருப்பதைப் போலவே போடு, ஸ்பீடு போஸ்டில் வக்கீல் முகவரிக்கு அனுப்பு, கடை முகவரிக்கு வேண்டாம். அம்மாவுக்கு இந்தத் தாளைப் பற்றி இன்னும் தெரியாது, நானே சொல்லிக்கொள்கிறேன். யாராவது அந்தச் சந்தையின் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டால் பேசாமல் வைத்துவிடு, ஹாஸ்டல் முகவரியை யாருக்கும் கொடுக்காதே. இருமலுக்கு வெந்நீர் குடி. அங்காளம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ நன்றாக இருந்தால் எங்களுக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. இன்னும் பத்தொன்பது நாள் இந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கப் போகிறவன் நான், கடைக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் திறந்தபடியே இருக்கிறது. உன் போனுக்கு எண் வந்தால் அம்மா கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

உன் நைனா,
பூபதி