புளி போட்டுத் துலக்கிய உருண்டைகள்

என்னங்க, விசா மனுத்தாள் வாங்க முதல் பஸ்ஸில் தலைநகர் சுவாவுக்குப் போகிறேன். பருப்பும் ரொட்டியும் மூடி வைத்திருக்கிறேன்.

"ஆட்சி கவிழ்ந்து ஊரே மூட்டை கட்டுது, உங்களுக்குப் பழைய பின்பால் விளையாட்டு மெஷின் கேக்குதா?" என்று நேற்றுக் கத்தியது தப்புதான். உங்களைச் சமாதானப்படுத்த நினைத்து, அதிலிருந்து நீங்கள் கழற்றி வைத்திருந்த இரும்பு உருண்டைகளைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கினேன். கறுத்துவிட்டன. கோபிக்காதீர்கள்.

விஷயத்தைக் கேட்ட பக்கத்து வீட்டுச் சேமி, மத்தியானம் வேறு உருண்டைகள் கொண்டுவருவார். ராணுவ உடுப்பைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள். அன்று லாரியிலிருந்து மெஷினை இறக்கக் கைகொடுத்தவர் அவர்தான். டீ கொடுங்கள்.

ஊரடங்குக்குள் வராவிட்டால் தேடி வராதீர்கள். சுவாவிலேயே, சமபுலாவில் கல்யாணி வீட்டில் தங்கிவிடுவேன். விளக்கேற்றுங்கள்.

அம்பிகா

பி.கு.: இரண்டு மனுத்தாள் வாங்குவேன். நாட்டை விட்டு வர உங்களுக்கு மனமில்லை என்றால் இரண்டையும் கிழித்துவிடலாம்.