நெஞ்சுக்கறி வேக எவ்வளவு நேரம், செல்வம்?

என் செல்வத்துக்கு,

உன் அம்மா முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், கதவைச் சாத்தினால் 'நீ' என்பேன். இதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். எனக்கு இப்போது உன்னைத் தவிர யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

விழிஞ்ஞத்துக்கு வேலைக்குப் போன பஸ்ஸிலேயே நீ சாய்ந்து, உயிர் போய், ஏழு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நடந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு வாயில் புண் ஆறவேயில்லை என்று கூட்டிப் போனேன். கன்னத்தின் உட்புறத்தில் கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்திலிருந்து வாயில் அடக்கிய புகையிலைதான், வேறென்ன? நீ எத்தனை தடவை பிடுங்கி எறிந்தாய், கேட்டாளா அவள்?

இப்போது கரண்டு வைக்கிறார்கள், ரேடியேஷன். அதற்கு முன்னால் சொத்தைப் பல் இருக்கக்கூடாது என்று மிச்சமிருந்த பல்லையெல்லாம் எடுத்துவிட்டார்கள். கஞ்சி கொடுத்தால் காகிதம் மாதிரி இருக்கிறது என்கிறாள். முட்டை நாறுகிறதாம். ஆஸ்பத்திரியில் தந்த சத்துமாவைக் கலக்கிக் கொடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்க்கிறார்கள். அதற்கு முந்தின திங்கள் முப்பத்தெட்டு கிலோ. இன்னும் ஒரு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை அவளும் கேட்டுவிட்டாள். ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்: "மூக்குல கொழாய் போட்டா அந்தக் கரண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் போனக்காட்டுக்குப் போயிக் கெடந்துக்குவேன்." அங்கே யார் இருக்கிறார்கள்? தோட்டத்து லயத்தில் பாதி வீட்டுக்குக் கூரையே இல்லை. ஆனால் அவள் சொன்னால் செய்வாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, என்னதான் வேணும் என்று கெஞ்சினேன். அப்புறம்தான் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை செல்வம் வைக்கிற இறைச்சி வேணும் என்று.

கடவுளே, எதைக் கேட்டிருக்கிறாள் பார்த்தாயா? கரமனையில் நாஞ்சில் நாட்டுச் சைவ வீட்டில் பிறந்தவள் நான். உன்னைக் கட்டிக்கொள்ளும்போது நான் போட்ட ஒரே நிபந்தனை அது: மாட்டிறைச்சி என் அடுப்பில் ஏறக்கூடாது, என் பாத்திரத்தில் விழக்கூடாது. நீயும் சிரித்துக்கொண்டே பின்பக்கம் தனியாக ஓர் அடுப்பு வைத்தாய், தனியாக ஒரு சட்டி வாங்கினாய். ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து நீ அங்கே நிற்பாய். நான் கதவைச் சாத்திவிட்டு முன் அறையில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

பதினோரு வருஷத்தில் ஒருநாளாவது அந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். எவ்வளவு தண்ணீர் வைக்கிறாய், எப்போது உப்புப் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் கையில் இருந்த ஒரு வித்தை எனக்கு ஒன்றுமே தெரியாமல் மண்ணுக்குள் போய்விட்டது, செல்வம். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ போகும் அதே கடைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரிதான் வாங்கினேன்: நல்லதாக, சுத்தமாக, கொழுப்பு, ஜவ்வு ஒன்றும் இல்லாமல் வேணும் என்றேன். வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டு ஏழு தண்ணீர் கழுவினேன், வெளுத்துப் போகிற வரைக்கும். பருப்புக்கு மூணு விசில் என்றால் இதற்கு எட்டு இருக்கும் என்று என் கணக்கு. திறந்து பார்த்தால் கல். இன்னும் எட்டு விசில் விட்டேன். அப்போது கயிறாகியிருந்தது.

அதைத்தான் பொடிப்பொடியாகப் பிய்த்துக் கொண்டுபோய் ஊட்டினேன். வாயில் வைத்து இப்படியும் அப்படியும் உருட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மெதுவாகக் கையில் துப்பி, கையை மூடிக்கொண்டாள். என் சாம்பாரில் உப்புக் கூடினாலே ஊரைக் கூட்டுகிறவள், ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் பயந்தது அதற்குத்தான்.

மறுநாள் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பல் இல்லாத நோயாளிக்குக் கேட்டேன், நீங்கள் கட்டையை வெட்டித் தந்திருக்கிறீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக, பாதி மலையாளத்தில் சொன்னார்: "சேச்சி கொழுப்பு வேண்டா, ஜவ்வு வேண்டான்னு பறஞ்சில்லே? அப்ப தொடையெறச்சிதான் கிட்டும். செல்வண்ணன் எப்பவும் நெஞ்சுக்கறிதான் வாங்கும்." உன் பெயரை அவர் வாயில் கேட்டதும் சண்டையை அப்படியே விட்டுவிட்டேன். நான் யாரென்று அவருக்கு முதல் நாளே தெரியுமாம். சொல்லத்தான் சங்கடப்பட்டிருக்கிறார்.

மாட்டின் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கறி அது, கொழுப்பும் ஜவ்வும் அடுக்கடுக்காக. அந்த ஜவ்வு உருகினால்தான் கறி மெத்தென்று ஆகுமாம். நான் எதை வேண்டாம் என்றேனோ அதுதான் வேண்டியிருந்தது. குக்கர் கூடாது, துண்டு போடக்கூடாது, முழுசாகச் சட்டியில் வைத்துச் சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும், அவசரப்பட்டுக் கிளறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அது பறயான் பற்றில்ல, சேச்சி. ஆகும்போ ஆகும்" என்றார். இவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாதாம். எனக்கு எப்படியிருக்கும், சொல். திங்கட்கிழமைக்குள் ஆக வேண்டாமா?

ஞாயிறு காலை நெஞ்சுக்கறி வாங்கி வந்து, எட்டு மணிக்கு உன் அடுப்பைப் பற்ற வைத்தேன். சின்ன உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள், கொஞ்சம் உப்பு. புண் எரியும் என்று மிளகாயும் மிளகும் போடவில்லை. ஒன்பதரைக்குக் குத்திப் பார்த்தேன், முள்கரண்டி இறங்கவில்லை. பத்தரைக்குப் பார்த்தால் இன்னும் இறுகியிருந்தது. உள்ளே அம்மா எத்தனை தடவை இருமினாள் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். குக்கரைக் கையில் எடுத்தும்விட்டேன். நீ பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று சட்டியைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் பின்வீட்டுக்காரி நினைத்திருப்பாள்.

பன்னிரண்டு மணிக்கு முள்கரண்டி இறங்கியது. ஆனால் பல்லில்லாத வாய்க்கு இது போதுமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு துண்டை எடுத்தேன். கண்ணை மூடி வாயில் போட்டேன். பல் படாமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினேன்.

கரைந்தது, செல்வம். ஆனால் நீளநீளமாக நார் நின்றது, தொண்டையில் மாட்டும். நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, அதன் சாற்றையே விட்டு மசித்து, மறுபடியும் வாயில் போட்டுப் பார்த்தேன். இப்போது தானாக இறங்கியது. குமட்டும் என்று நினைத்திருந்தேன். குமட்டவில்லை. அந்தப் பின்பக்கத்துச் சுவரோடு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒவ்வொரு ஞாயிறும் தட்டோடு வந்து கதவைத் தட்டி, ஒரு துண்டு மட்டும் மீனா, பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடு என்பாயே. ஒரே ஒரு நாள் திறந்திருந்தால் என் சாதியும் சாமியும் என்ன குறைந்து போயிருக்கும்?

முகத்தைக் கழுவிக்கொண்டு கிண்ணத்தோடு போனேன். முதல் கரண்டியை வாயில் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். விழுங்கும்போது முகம் சுருங்கியது, ஆனால் விழுங்கினாள். யார் வைத்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"நீ வாயில வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் அம்மா."

என்னையே பார்த்தாள். "அவன் இருக்கும்போ பாத்திருக்கலாமே, புள்ள" என்றாள். திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. சொல்லிவிட்டு வாயைத் திறந்து அடுத்த கரண்டிக்குக் காத்திருந்தாள். ஆறு கரண்டி சாப்பிட்டாள்.

இந்தத் திங்கட்கிழமையும் எடை பார்த்தார்கள். கூடவில்லை. ஆனால் குறையவும் இல்லை, அதே முப்பத்தெட்டு. டாக்டர் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வாரம்தான் இப்போது என் கையில் இருக்கிறது. அவள் பிழைப்பாளா? யாரைக் கேட்டாலும் தோளைத் தட்டுகிறார்கள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் 'செல்வம்' என்று சொன்னால் திரும்பிப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இனி ஒன்றுவிட்டு ஒருநாள் அந்தச் சட்டி ஏறும், என் அடுப்பில், என் கையால். உனக்கென்று உன் படத்துக்கு முன்னால் ஒரு துண்டும் வைக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பங்கையும் அவளுக்கே ஊட்டுகிறேன். அவள் வாய் திறந்துகொண்டிருக்கிற வரைக்கும் நான் கரண்டியைக் கீழே வைக்க மாட்டேன், இது சத்தியம்.

உன் அம்மாவின் மருமகள்,
மீனா