சத்தமில்லாத வண்டி

ஜூலை 14, செவ்வாய்

வழக்கம்போல இன்றும் வேலைக்குப் புனே போய்த் திரும்பினேன். தாராவிக்குள் நுழைந்தபோது பேட்டரி ஆறு சதவீதம். திரையில் அதையே பார்த்துக்கொண்டு எங்கள் சந்தில் திரும்பினேன். பழைய டீசல் வண்டியில் இங்கே ஹார்ன் அடித்ததே இல்லை. இன்ஜின் உறுமல் கேட்டாலே ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். இந்த எலெக்ட்ரிக் காருக்குச் சத்தமே கிடையாது. பழக்கதோஷத்தில் அது மறந்துவிட்டது.

வண்டி குலுங்கி நின்றது. முன்னால் ஒரு சாண் தூரத்தில், குடத்தோடு என் மனைவி செல்வியின் முதுகு.

"சத்தமில்லாம வந்து நிக்கிய! பயந்துட்டேன்லா," என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். அவளிடம் சொல்லவில்லை. பிரேக்கை மிதித்தது நான் இல்லை. முன்னால் ஆள் இருப்பதை உணர்ந்து கார்தான் தானாக நின்றுகொண்டது. என் கால் அப்போதும் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது.