கிணற்றடிக்குப் போன சிக்கனம்

தென்காசி
14-8-1987

அன்புள்ள குற்றாலநாதா,

இவ்வளவு பிந்திய ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, படுத்தால் தூக்கம் வரவில்லை. இங்கே எல்லோரும் சுகந்தான், நீ அந்த டெல்லிப் புழுக்கத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். கல்லூரிக்கு நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன், என்னுடைய பி.ஏ. பொருளாதாரத்துக்கு நன்றாகவே புரிந்தது. மின்சாரத்துக்கு வரி கூட்டினால் ஜனங்கள் அளந்து செலவழிப்பார்கள், நல்ல கருவி வந்தால் நாட்டுக்கே மின்சாரம் மிச்சம் என்று எழுதியிருக்கிறாய். வீட்டைப் பொறுத்தவரை ரொம்பச் சரி. வரி கூடியதிலிருந்து டியூப்லைட்டைப் போடுவதில்லை, நானும் உன் தங்கையும் ஜீரோ வாட் பல்பில் முட்டி மோதிக்கொண்டு தேசத்துக்காக மிச்சம் பிடிக்கிறோம். பிடித்ததெல்லாம் நம் கிணற்றடிக்குப் போகிறது.

நீ எழுதியபடியே அப்பா கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் உறிஞ்சும் நுனியில் புது ஃபுட்வால்வும் அகலக் குழாயும் மாட்டினார், அதே கரண்டில் இப்போது ஒன்றரைப் பங்கு தண்ணீர் கொட்டுகிறது. கொட்டுவதைப் பார்த்ததும் கடலை போட வைத்திருந்த வயலிலும் நெல்லை நட்டுவிட்டார். வயலுக்குத்தான் யூனிட் கணக்கு இல்லையே, மோட்டாரின் குதிரைசக்திக்கு, எச்.பி.க்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டால் ராப்பகலாக ஓடினாலும் கேட்க ஆளில்லை. நடுச்சாமத்தில் கரண்டு வந்தாலும் தானாக ஓடட்டும் என்று ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கியபடியே கயிற்றால் கட்டியிருக்கிறார். கொஞ்சம் நிறுத்துங்கள் என்றால், மவன் மிச்சம் பிடிச்சுத் தந்த கரண்ட வீணாக்கச் சொல்லுதியா என்கிறார். குற்றாலத்தில் இந்த வருஷம் சாரலே சரியில்லை, கிணற்றில் ஊற்று சுருங்கிவிட்டது, நேற்று தண்ணீர் குழாய்க்குக் கீழே இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றியது, உள்ளே காயில் கம்பி எரியாமல் தப்பியது பெரிய காரியம். பக்கத்து வயல் மாடக்கண்ணு அண்ணாச்சி கிணறும் இறங்கிப்போச்சு. ஒம் மவன் டெல்லியில இருந்துக்கிட்டே எங் கெணத்த வத்த வச்சிட்டாம்லா, நேர்ல வந்தாம்னா அருவியையும் நிறுத்திருவாம் போல என்று வரப்பில் நின்று சொன்னார். சிரித்துவிட்டேன், அப்புறம் அடுப்படியில் கை ஓடவில்லை. பயிர் இன்னும் பால் பிடிக்கவில்லை. ஊறவிட்டு ஊறவிட்டு இறைத்தால் அறுவடை வரை தாங்கும், இப்படியே இறைத்தால் நம் வயல்களும் போகும், அண்ணாச்சி வயலும் போகும்.

நான் சொன்னால் பொம்பளைப் பயம் என்று தள்ளிவிடுகிறார், நீ சொன்னால்தான் அவருக்குப் படிப்பு. காலையில் மட்டும் மோட்டாரைப் போடச் சொல்லி அவர் பெயருக்கே ஒரு கார்டு எழுது, நான் எழுதச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மை உன்னைக் காப்பாள்.

சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
முத்துவடிவு